பதினேழு நிமிட வித்தியாசம்

ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட்டின் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, ரொட்டியும் அவித்த முட்டையுமாக மதியச் சாப்பாட்டை முடித்த ரசமட்டம், கைகூடக் கழுவாமல் ஒருவரின் மானத்தை வாங்கக் கிளம்பினார்.

ரசமட்டம் என்பது இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதாகவும் தெரியவில்லை. பதினோரு வருடமாக ஒரு மன்றத்தில் நடுவராக இருக்கிறார். வீடியோ கேம், புது ஃபோன், கம்பெனிகளின் தில்லுமுல்லு, அரசாங்கத்தின் புதுச் சட்டம் என்று தொழில்நுட்பச் செய்தி எதுவானாலும் அந்த மன்றத்தில் வந்து விழும். விழுந்த அரை மணி நேரத்தில் அதைச் சுற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். முகம் தெரியாதவனைத் திட்டுவதில் இருக்கிற சுகம் முகம் தெரிந்தவனைத் திட்டுவதில் கிடைக்காது. அந்தச் சுகத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதற்காகத்தான் நடுவர்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது படமோ ஆவணமோ கொண்டுவந்து போட்டால் அதை 'உரசிப் பார்ப்பார்கள்'. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எழுத்துரு எந்த வருடத்தது, மூலையில் என்ன தெரிகிறது என்று அங்குலம் அங்குலமாகப் பிரித்துப்போட்டு, முடிவில் ஒரு நடுவர் 'அசல்' அல்லது 'போலி' என்று முத்திரை குத்துவார். குத்தியதும் அந்த விவாதம் பூட்டப்படும். முத்திரையைக் குத்தியவரே நினைத்தால் திரும்ப எடுக்கலாம், ஆனால் ஏன் எடுத்தேன் என்று சபையறியக் காரணம் எழுத வேண்டும். இதுவரை யாரும் எடுத்ததில்லை. உரசுவதில் ரசமட்டத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் முத்திரையைப் பத்திரிகைக்காரர்களே மேற்கோள் காட்டுவார்கள். அந்தத் தலைக்கனம் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

அந்த வாரம் மன்றமே கொதித்துக்கொண்டிருந்தது. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இணைய விளையாட்டு விளையாடக் கூடாது, பிள்ளைகளை எழுந்திருக்க விடாமல் பிடித்துவைக்கும் உத்திகளைக் கம்பெனிகள் கைவிட வேண்டும் என்று ஒரு சட்ட மசோதா. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. ரசமட்டம் மசோதாவுக்குப் பரம எதிரி. எவனோ ஒருவன் பரீட்சையில் கோட்டை விட்டால் விளையாட்டு காரணம், எவனோ ஒருவன் வேலைக்குப் போகாமல் கிடந்தால் விளையாட்டு காரணம், மழை பெய்யாததற்கு மட்டும்தான் இன்னும் விளையாட்டைக் குற்றம் சொல்லவில்லை என்பது அவர் அடிக்கடி எழுதுகிற வாசகம். சின்ன வயதில் அவர் ஆசை ஆசையாக வாங்கிய விளையாட்டுப் பெட்டியை அப்பா தூக்கி வாசலில் எறிந்தார். அந்தச் சத்தம் இன்னும் அவர் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை மாலை, 'வழிப்போக்கர்' என்ற புது உறுப்பினர் ஒரு படத்தைப் போட்டார். பிள்ளைகள் மத்தியில் சக்கைப்போடு போடுகிற ஒரு விளையாட்டை நடத்தும் கம்பெனியின் உள்ளே, ஒரு கணினித் திரையை ஃபோனால் எடுத்த படம். திரையில் ஒரு வரைபடம். தொடர்ந்து தோற்றுச் சலித்துப்போன பிள்ளை விளையாட்டை விட்டு வெளியேறப்போகிற நொடியில், எதிராளியை வேண்டுமென்றே பலவீனமாக்கி ஒரு வெற்றியைத் தூக்கிக் கொடுப்பது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான கணக்கு அது. பதின்மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் அந்த ஒரு வெற்றிக்குப் பிறகு சராசரியாக இன்னும் நாற்பத்தெட்டு நிமிடம் உட்கார்கிறார்களாம். கம்பெனியோ, வயது பார்த்து நாங்கள் எதுவும் செய்வதில்லை என்று ஊரெல்லாம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தது.

ரசமட்டத்தின் தங்கை வேலை பார்ப்பதும் அதே கம்பெனிதான். மன்றத்தில் யாருக்கும் அது தெரியாது. வேலையைப் பற்றியும் மன்றத்தைப் பற்றியும் வீட்டில் பேசுவதில்லை என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் வெகுநாள் ஒப்பந்தம், பேசினால் சண்டையில்தான் முடியும். இருந்தாலும் ஞாயிறன்று வாய் சும்மா இருக்கவில்லை, அவளுக்கு ஒரு முறை ஃபோன் போட்டார். அவள் எடுக்கவில்லை. சரி, நம் கண்ணை விடவா என்று திங்கட்கிழமை மோட்டார் அறையில் தானே உரசத் தொடங்கினார்.

இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டார். வரைபடத்தின் மேலே 'கடைசியாகப் புதுப்பித்தது 11:03' என்று இருந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை தானாகப் புதுப்பிக்கும் வரைபடம் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. படத்தின் ஓரத்தில், மேசை மேல் ஏதோ ஒரு சின்னக் கடிகாரத்தின் எண்கள் மட்டும் வெட்டுப்படாமல் மாட்டியிருந்தன. 11:20. பதினேழு நிமிட வித்தியாசம். உயிரோடு ஓடுகிற வரைபடத்தில் இது நடக்காது. ஆகவே வீட்டில் உட்கார்ந்து வரைந்த பொம்மையைத் திரையில் திறந்துவைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். 'கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும் என்று சிலர் சொல்வீர்கள்' என்று முன்கூட்டியே மடக்கினார். 'ஐந்து நிமிடம் முன்னால் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம்கூட உண்டு. பதினேழு நிமிடம் எந்தப் புத்திசாலி வைப்பான்?'

குத்தினார் 'போலி'. பூட்டினார் விவாதத்தை. சாயங்காலத்துக்குள் ஆயிரத்து நூறு பேர் கைதட்டியிருந்தார்கள். வழிப்போக்கரிடமிருந்து தனிச்செய்தி ஒன்று வந்தது. 'பதறாத காரியம் சிதறாது. இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள்.' வெற்றி மிதப்பில் ரசமட்டம் பதில் எழுதினார்: 'வழிப்போக்கரே, வந்த வழியே போய்ச் சேருங்கள்.'

மசோதாவை ஆதரிக்கும் இன்னொரு நடுவர், 'கொசுவர்த்தி' என்ற பெயரில் எழுதும் பள்ளி ஆசிரியை, அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று முறையிட்டார். அந்த அம்மாளுக்கு யார் பேச்சு பிடித்திருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்.

செவ்வாய் மாலை கம்பெனி அறிக்கை விட்டது. அந்தப் படம் போலி என்று எந்தத் தரப்பையும் சாராத விளையாட்டு ஆர்வலர்களின் மன்றமே சான்றளித்துவிட்டது, விசாரணைக் குழுவிடம் இதை ஆதாரமாகச் சமர்ப்பிக்கிறோம் என்றது அறிக்கை. செய்தித் தளங்கள் எல்லாம் அதை அப்படியே போட்டன. ரசமட்டத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

புதன்கிழமை மாலை தங்கை வீட்டுக்குப் போனார். மூன்று நாளாக அவள் ஃபோனை எடுக்கவில்லை என்பது ஒரு காரணம். தன் பெருமையைக் கேட்க வீட்டு ஆள் ஒருத்தராவது வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

தங்கை கதவைத் திறந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உட்கார் என்றுகூடச் சொல்லாமல் சமையலறைக்குப் போய் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். ரசமட்டம் பின்னாலேயே போய் மேடையோரம் சாய்ந்து நின்று, எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசித்தபடி அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்திரண்டு. அதற்குள்ளா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறே கால்.

தங்கை வீட்டுக் கடிகாரங்கள் இப்படித்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவள் எங்கேயும் தாமதம். முதலில் ஐந்து நிமிடம் முன்னால் வைத்துப் பார்த்தாள், மனசு ஐந்தைக் கழித்துக்கொண்டு நிதானமாகத் தலைவாரியது. பத்து வைத்தாள், அதையும் கழித்தது. பதினேழு வைத்தாள். பதினேழைக் கழிக்கச் சோம்பல்பட்டுக் கிளம்பிவிடுவாள். அதிலிருந்து அவள் இருக்கிற இடத்தில் எல்லாக் கடிகாரமும் பதினேழு நிமிடம் முன்னால் ஓடும். குடும்பத்தில் இதைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. அதிகமாகக் கிண்டல் பண்ணியவர் அண்ணன்தான்.

ரசமட்டம் மேடையோரத்திலிருந்து நிமிர்ந்தார். கைக்கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார். அடுப்பு மேல் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது வருடமாகப் பார்த்துச் சிரித்த வித்தியாசத்தைத்தான், எந்தப் புத்திசாலி வைப்பான் என்று ஆயிரத்து நூறு பேர் முன்னால் கேட்டிருக்கிறார்.

"வாலு" என்றார். அது அவளுடைய வீட்டுப் பெயர்.

"கண்டுபிடிச்சிட்டியா" என்றாள் தங்கை திரும்பாமலே. "மூணு நாள் ஆச்சு உனக்கு."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தாமல், தேநீரை வடிகட்டிக்கொண்டே, நடந்ததைச் சொன்னாள். அந்த வரைபடமே அவள் போட்டதுதான். அந்த உத்தியைச் செதுக்கிய மூன்று பேரில் அவளும் ஒருத்தி. இரண்டு மாதத்துக்கு முன்னால் விளையாட்டின் உதவிப் பெட்டிக்கு ஏதோ ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. 'இதை எப்படி நிறுத்துறது, யாராச்சும் சொல்லுங்க.' அவ்வளவுதான் கேள்வி. பதில் எழுதும் இயந்திரம் அதற்கு ஒரு பரிசுப் பெட்டியை அனுப்பிவைத்தது. பிள்ளை திரும்பவும் உள்ளே வந்து மூன்று மணி நேரம் விளையாடியது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பத்திரிகைக்குப் போயிருக்கலாமே" என்றார் அண்ணன்.

"உன்கிட்டதான் வந்தேன். நீ மசோதாவுக்கு எதிரினு எனக்குத் தெரியாதா? எதிரியா இருந்தும் உரசிப் பார்த்து அசல்னு சொன்னா யாராலயும் மறுக்க முடியாதுனு நினைச்சேன். நான்தான்னு முன்னாடியே சொன்னா நீ தங்கைக்காகச் சொன்னதா ஆயிடும். அதான் சொல்லல." வடிகட்டியைத் தொட்டியில் போட்டாள். "உன் நேர்மையை நம்பி வந்தேண்ணா. நீ என்னை வந்த வழியே போகச் சொன்ன."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயைத் திறந்து தங்கையைக் கெடுத்திருந்தது. ரசமட்டம் தேநீர்க் கோப்பையை வாங்கி, குடிக்க மறந்து, கையிலேயே வைத்திருந்தார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. மன்றத்துக்குப் போலி என்பதற்கு ஆதாரமாகத் தெரிந்த பதினேழு நிமிடம், அவளோடு வேலை பார்க்கிறவர்களுக்கு அவள் பெயரையே எழுதிக் காட்டியது போலத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில் இருந்த எண்களை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ரசமட்டம்தான் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, உலகத்துக்குக் காட்டினார். செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் நேராக அவள் மேசைக்கு வந்தார். கடிகாரத்தைக் கையில் எடுத்தார். தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

"அப்புறம்?"

"இன்னைக்கு மதியம் கூப்பிட்டாரு. சிரிச்சுக்கிட்டே பேசினாரு. போலினு ஊரே சொல்லுது, நாமளும் போலினே வெச்சுக்கலாம்னாரு. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஒரு தாள்ல கையெழுத்துப் போடணுமாம். 'இந்த வரைபடம் எங்க பிரிவுல தயாரானதில்லை'னு. அதைக் குழுகிட்ட குடுப்பாங்களாம். போட்டா எதுவும் நடக்காத மாதிரி இருக்கலாம். போடலைன்னா வேலையும் போகும், கேஸும் வரும்."

ரசமட்டத்தின் மூளை, பழக்கதோஷம், வழி தேடியது. வழி கண்ணெதிரிலேயே இருந்தது. படம் போலியாகவே இருந்துவிட்டால், போலியான படத்தை வெளியிட்டதற்காகக் கம்பெனி யாரை வேலையை விட்டு எடுக்க முடியும்? அவர் செய்த பிழையே அவளுக்குக் கவசமாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் உற்சாகம்கூட எட்டிப் பார்த்தது.

"போலினே இருக்கட்டும் வாலு. கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடு. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். லிஃப்ட்டுக்குச் சட்டம் இல்லையென்றால் நீ ஏறுவாயா என்று முன்பெல்லாம் சண்டையில் கேட்பாள், அதைக்கூட இன்றைக்குக் கேட்கவில்லை.

"நீ பார்த்ததை எழுதுறியா இல்லையானு மட்டும்தான் எனக்குத் தெரியணும்" என்றாள். "எழுதினா நானும் கையெழுத்துப் போட மாட்டேன். வர்றது வரட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?"

எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசிக்கிறேன் என்றார். தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது. கோப்பையை மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்தார், அவள் வாசல் வரை வரவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கே மோட்டார் அறைக்கு வந்துவிட்டார். அன்றைக்கு பிரேக் சோதனை. லிஃப்ட்டை நிறுத்தி, ஒவ்வொரு மாடியிலும் 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டிவிட்டு, மோட்டாருக்குக் கிரீஸ் போட்டதோடு சரி, ஒரு திருகைக்கூடத் தொடாமல் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மன்றத்தைத் திறந்தார். அவரைப் புகழ்ந்து அன்று காலையும் இருபது பேர் எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்கக் கூசியது. தனிச்செய்திப் பெட்டியைத் திறந்தார். 'வந்த வழியே போய்ச் சேருங்கள்' என்று தான் எழுதியதை, தங்கைக்கு எழுதியது என்று தெரிந்து, முதல் தடவையாகப் படித்தார்.

எழுதினால் என்ன ஆகும்? பதினோரு வருடப் பேர் மண்ணாகும். வருடக்கணக்காக எதிர்த்த மசோதாவுக்குத் தானே பாதை போட்டுக் கொடுத்ததாக ஆகும். அதெல்லாம் போகட்டும். அவள் ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், இவர் எழுதியது அவளைப் பொய்ச் சாட்சி சொன்னவளாக்கிவிடும். சரி, எழுதாமல் இருந்தால்? அவள் வீம்புக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டால், படமும் போலி, வேலையும் போச்சு என்று நடுத்தெருவில் தனியாக நிற்பாள்.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்தால் போதும். எட்டு நாற்பதுக்கு ஃபோன் போட்டார். அணைத்திருந்தது. படம் வெளியானதிலிருந்து கம்பெனி வாசலிலேயே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று நேற்று அவள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே போய்விட்டாள். நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. வாயில் கொழுக்கட்டையா இருந்தது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

எட்டு நாற்பத்தைந்து. அவள் தன்னை நம்பித்தானே அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள், நாமும் அவளை ஒரு தடவை நம்பிப் பார்ப்போம் என்று தோன்றியது. வாலு கையெழுத்துப் போட மாட்டாள். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. கிரீஸ் விரல்களால் தட்டினார். கிரீஸ் வழுக்கியதில் பாதி எழுத்து தப்பாக விழுந்தது, அழித்து அழித்து எழுதினார்.

'திங்கட்கிழமை நான் குத்திய போலி முத்திரையைத் திரும்ப எடுக்கிறேன். அந்த மேசைக் கடிகாரம் பதினேழு நிமிடம் முன்னால்தான் ஓடும். எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் தங்கையின் கடிகாரம். வரைபடம் போட்டவளும் அவளே, படம் எடுத்தவளும் அவளே. அவள்தான் வழிப்போக்கர் என்று தெரியாமல் உரசினேன். தெரிந்திருக்க வேண்டியவன் நான். படம் அசல்.'

எட்டு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார். பூட்டைத் திறந்தார். 'போலி' இருந்த இடத்தில் 'அசல்' வந்தது.

ஒரே நிமிடத்தில் மன்றம் கொட்டியது. விலை போய்விட்டான் என்றார்கள். தங்கையாம் தங்கை, கதை விடுகிறான் என்றார்கள். நேற்று வரை தலையில் தூக்கிவைத்து ஆடியவர்கள்தான் முதல் ஆளாகத் தூக்கிப் போட்டு மிதித்தார்கள். ரசமட்டம் எதையும் படிக்கவில்லை. கொசுவர்த்தியிடமிருந்து வந்த தனிச்செய்தியை மட்டும் திறந்தார். 'நீங்கள் எழுதியதைக் குழுவின் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது. இனி நீங்கள் அழித்தாலும் பயனில்லை. உங்கள் தங்கையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.'

ஒன்பது. ஒன்பது ஐந்து. கீழே யாரோ, லிஃப்ட் எப்போது வரும் என்று படிக்கட்டிலிருந்து சத்தம் போட்டார்கள். வேலை நடக்கிறது என்று இவரும் பதிலுக்குச் சத்தம் போட்டார். ஒன்பது பதினெட்டுக்கு ஃபோன் அடித்தது.

"அண்ணா" என்றாள் தங்கை. பின்னால் தெருவின் இரைச்சல் கேட்டது. "போட்டுட்டேன்."

"என்ன போட்ட?"

"கையெழுத்து. எட்டரைக்கே கூப்பிட்டுட்டாங்க. குழுவுக்கு உடனே அனுப்பணும்னாங்க. போட்டுட்டேன்."

ரசமட்டம் மோட்டாரின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் வாலு? போட மாட்டேன்னு சொன்னியே."

"நீ எழுதினா போட மாட்டேன்னுதான் சொன்னேன். நேத்து நீ போலினே இருக்கட்டும்னு சொல்லும்போது உன் மூஞ்சில ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ எழுத மாட்டே. பத்து மணிக்கு எல்லாரும் போலினுதான் சொல்லப்போறாங்க. நான் மட்டும் வேலையை விட்டுட்டு யாருக்கு என்ன?" மூக்கை உறிஞ்சினாள். "எட்டரைக்குக்கூட ஃபோனைக் குடுக்கறதுக்கு முன்னாடி மன்றத்தைத் திறந்து பார்த்தேன். ஒண்ணும் இல்ல. சரினு உள்ள போய்ப் போட்டுட்டு, அங்க உக்கார முடியாம வெளிய வந்துட்டேன்."

இருபத்திரண்டு நிமிடம் பிந்திவிட்டது. எட்டு மணியிலிருந்து கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து லாப நஷ்டம் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த நேரத்தில்தான் அவள் வாசலில் நின்று அவருக்காகப் பார்த்திருக்கிறாள். ரசமட்டத்துக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"நான் எழுதிட்டேன்மா" என்றார்.

"எப்போ?"

"எட்டு ஐம்பத்திரண்டுக்கு. எல்லாத்தையும் எழுதிட்டேன். உன் கடிகாரம்னு எழுதிட்டேன். என் தங்கைனும் எழுதிட்டேன். அது குழுவுக்கும் போயிடுச்சு."

அவள் என்ன சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் திட்டட்டும், அழுதால் அழட்டும். இரண்டையும் அவள் செய்யவில்லை. வந்த குரல் வறண்டு கிடந்தது.

"அப்போ பத்து மணிக்கு நான் பொய்க் கையெழுத்துப் போட்டவ."

"குழு கூடற இடத்துக்கே போலாம். நானும் வரேன். ரெண்டு பேரும் போய்ச் சொல்லலாம்."

"போனா கேஸ் வரும்ணா."

"வரும்."

"சரி" என்றாள். "சீக்கிரம் வா. எனக்கு உள்ள நுழையப் பயமா இருக்கு."

கதவைப் பூட்டினாரா, விளக்கை அணைத்தாரா என்று தெரியாமல் ஒன்பது மாடிப் படிக்கட்டையும் தடதடவென்று இறங்கினார். தானே நிறுத்திவைத்த லிஃப்ட்டைத் தானே திட்டிக்கொண்டு இறங்கினார். ஆறாவது மாடியில் ஒருவர் வழிமறித்து, மாதாமாதம் இதே தொல்லைதானா என்று பிடித்துக்கொண்டார். கும்பிட்டு விலக்கிவிட்டு ஓடினார்.

விசாரணைக் குழுவின் கட்டடத்தின் வெளிப்படியில் தங்கை நின்றிருந்தாள். கையில் கையெழுத்திட்ட தாளின் நகல். இன்னொரு கையில் ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் மேலாளர் என்று இருந்தது. அவள் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அண்ணனைப் பார்த்ததும் படியிறங்கி வந்தாள். அவர் அவள் தோளில் கைவைக்கப் போய், கிரீஸ் என்று கையை இழுத்துக்கொண்டார். அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே, கூடத்துக்கு முன்னால், மேசை போட்டு ஒரு ஊழியர் உட்கார்ந்திருந்தார். முன்னால், பேச வருகிறவர்களின் பெயரைப் பதிய ஒரு பெரிய பதிவேடு. அதில் இரண்டே வரிசை, மசோதாவுக்கு ஆதரவு, மசோதாவுக்கு எதிர்ப்பு. கூடத்தின் கதவு பாதி திறந்திருந்தது. கம்பெனியின் வக்கீல் எழுந்து நின்று தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் ஊழியர், நிமிர்ந்து பார்க்காமல்.

பதினோரு வருடமாக இந்தக் கேள்விக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்லக்கூடியவர் ரசமட்டம். இப்போது தங்கையைப் பார்த்தார்.

"நான் பொய்யா ஒரு கையெழுத்துப் போட்டிருக்கேன், இவர் தப்பா ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கார்" என்றாள் அவள். "அந்த ரெண்டுமே இப்போ உள்ள அந்த வக்கீல் கையில இருக்கு. அவர் படிக்கறதுக்கு முன்னாடி நாங்க பேசணும்."

ஊழியர் நிமிர்ந்தார். இரண்டு பேரையும், அந்தத் தாளையும், கிரீஸ் படிந்த கைகளையும் பார்த்தார். பதிவேட்டின் இரண்டு வரிசையிலும் பேனாவை நகர்த்தினார், எதிலும் எழுதவில்லை.

"அதுக்கு இதுல இடம் இல்லம்மா" என்றார். பிறகு நாற்காலியைத் தள்ளி எழுந்து, பாதி திறந்திருந்த கதவை முழுசாகத் திறந்து பிடித்தார். "போங்க, போய் முன் வரிசையில உக்காருங்க."